பொதுநிரலில் ஒரு சொல் சேரும் வழி

கணக்குகள், தேர்வு முடிவுகள், கடையின் சரக்கிருப்பு போன்ற விவரங்களை ஒழுங்குபடுத்திச் சேமித்து, கேட்டபோது தேடித்தரும் மென்பொருள் தரவுத்தளம் எனப்படுகிறது. பொத்தான்களோ படங்களோ இன்றி, விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டியே அதனிடம் வேலை வாங்க உதவுவது கட்டளைவரிக் கருவியாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்தில் 1986-ஆம் ஆண்டு மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்து, 1996-இல் இன்றைய பெயரைப் பெற்ற போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் வரும் அத்தகைய கருவி பிஎஸ்கியூஎல். நிரலாளர்கள் எழுதிய வடிவிலேயே கிடைக்கும் இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இத்தகைய உரிமத்துடன் வெளியாகும் மென்பொருளே திறமூல மென்பொருள்.

திருத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றாலும், செய்த திருத்தம் பொதுநிரலில் இடம்பெறுவதற்குக் கடக்க வேண்டிய படிகள் பல உள்ளன. அவற்றின் தேவையை விளக்க, ‘வெளியேறு’ எனப் பொருள்படும் ‘குவிட்’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். நெடுங்காலமாக இக்கருவியிலிருந்து வெளியேறும் கட்டளை, பின்சாய்கோட்டையும் ‘கியூ’ என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டுவதாகவே இருந்தது. அதை அறியாத புதியவர் ‘குவிட்’ என்று தட்டினால், கருவி அதனை எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியில் ஒரு வாக்கியத்தின் தொடக்கமாகக் கொண்டு, வாக்கியத்தை முடிக்கும் அரைப்புள்ளிக்காகக் காத்திருக்கும்.

இச்சொல்லையும் வெளியேறும் கட்டளையாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் எஸ்கியூஎல் வாக்கியம் பல வரிகளில் நீளக்கூடியது என்பதால், ‘குவிட்’ என்று மட்டும் உள்ள வரி, அட்டவணையொன்றின் நெடுவரிசைப் பெயராகவும் இருக்கலாம். அங்கே கருவி வெளியேறிவிட்டால் பயனரின் வேலை பாதியில் அறுந்துபோகும். எனவே 2018-இல் வெளியான 11-ஆம் பதிப்பு, முன்னதாக எதுவும் தட்டப்படாத நிலையில் மட்டுமே ‘குவிட்’, ‘எக்ஸிட்’ ஆகியவற்றை வெளியேறும் கட்டளைகளாக ஏற்றது; வாக்கியத்தின் நடுவே அவை வந்தால், வெளியேறும் முறையைக் குறிப்பாகக் காட்டுவதோடு நின்றது.

இத்தகைய மாற்றத்தைச் செய்ய விரும்புபவர், பதிப்பு வரலாற்றைப் பேணும் கிட் என்ற கருவியின் மூலம் நிரலின் படியொன்றைத் தம் கணினிக்குக் கொண்டுவந்து திருத்தி, நீக்கிய வரிகளையும் சேர்த்த வரிகளையும் மட்டும் காட்டும் ‘பேட்ச்’ என்ற கோப்பை உருவாக்குகிறார். பழைய வசதிகள் பழுதுபடவில்லை என்பதைச் சோதிக்க, கருவி தர வேண்டிய விடைகள் முன்கூட்டியே கோப்புகளில் எழுதிவைக்கப்பட்டுள்ளன. அவற்றோடு உண்மையில் வரும் விடைகள் ஒப்பிடப்படுகின்றன. பயனருக்கான கையேட்டையும் மாற்றத்துக்கேற்பத் திருத்துவது அவருடைய கடமையே.

மின்னஞ்சல் வழியே அனுப்பப்படும் பேட்சுகளைப் பரிசீலிப்பதற்கென ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என ஆண்டுக்கு ஐந்து முறை ‘கமிட்ஃபெஸ்ட்’ என்ற காலம் ஒதுக்கப்படுகிறது. தம் பேட்சைப் பிறர் ஆராய வேண்டும் என்று கேட்பவர், பிறருடைய பேட்சு ஒன்றைத் தாமும் ஆராய்ந்து தர வேண்டும் என்பது அங்குள்ள எதிர்பார்ப்பு. இறுதியில், பொதுநிரலில் எழுதும் அனுமதி பெற்ற ‘கமிட்டர்’ ஒருவர் அதைச் சேர்த்த பிறகும், வெவ்வேறு இயங்குதளங்களும் செயலிகளும் கொண்ட தன்னார்வலர்களின் கணினிகள் புதிய நிரலைத் தொகுத்துச் சோதிக்கின்றன.

எல்லாத் திட்டங்களும் இவ்வாறு வாயிலைத் திறந்துவைப்பதில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டு உருவாக்கிய எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம், பதிப்புரிமையே கோராமல் பொதுவுடைமையாக விடப்பட்டிருந்தும், அந்நிலைக்குப் பிறர் உரிமை எதுவும் ஊறு செய்துவிடக்கூடாது என்பதற்காக, வெளியார் எழுதிய நிரலைப் பொதுவாக ஏற்பதில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்பும் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகள் பராமரிக்கப்படுகிறது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், அவர் சேர்த்த வரியில் தோன்றும் பிழையை அக்காலம் முழுவதும் யாரேனும் ஒருவர் திருத்தியாக வேண்டும். ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு முன் இத்தனை பேர் இத்தனை கேள்விகள் கேட்பது அதனால்தான்.