26 ஓபி சீட்டு

குவார்ட்டரிலிருந்து தொடங்குவோம். 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒன்று குடிப்பவருக்கு ஆண்டுக்கு 54,750 ரூபாய். ஊறுகாயும் சுண்டலும் தனி.

இப்படிச் சேர்ந்த தொகைகளிலிருந்து 2023-24இல் தமிழக அரசுக்கு டாஸ்மாக் வழியாக வந்த வரி வருவாய் 45,855 கோடி. வரவுப் பக்கம் பைசா சுத்தமாக இருக்கிறது. நோயாளிகள் பக்கத்தைப் பார்ப்போம்.

எய்ம்ஸ் போதை சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 2.7 சதவீதம் பேர் குடிநோயாளிகள். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அந்த வயதுக்காரர்கள் 24,000 பேர் என்று கொண்டால், குடிநோயாளிகள் 648. சிகிச்சை கண்டவர்கள் 17.

648 பேரும் மாதம் ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு 7,776 வருகை. வேலைநாள் 300 என்றால், நாளுக்கு 26 ஓபி சீட்டு. சுகர், பி.பி.க்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் இதற்கு மலைக்க மாட்டார்கள். குடிப்பழக்கத்தை அளக்கும், பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் படிவத்தைச் செவிலியரே நிரப்பலாம். மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தால் கவனம், 20 எட்டினால் டாக்டர்.

"மறுபடி குடிச்சிட்டு வந்துட்டான், இவன் திருந்த மாட்டான்." இந்த வாக்கியம்தான் சிகிச்சையின் பெரிய எதிரி. 160/100 காட்டும் பி.பி.க்காரரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. மாத்திரையை மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். அமெரிக்க மருத்துவ சங்க இதழில் 2000இல் மெக்லெல்லன் குழுவினர் ஒப்பிட்டார்கள்: போதைக்குத் திரும்புபவர்கள் 40 முதல் 60 சதவீதம், பி.பி.யும் ஆஸ்துமாவும் மீண்டும் தலைதூக்குபவர்கள் 50 முதல் 70. இத்தனைக்கும் நாம் குடிநோயாளிக்கு 30 நாள் மறுவாழ்வு மையம், மீதி 335 நாள் சாமி சத்தியம் என்று விட்டுவிடுகிறோம்.

மருந்து இருக்கிறது. நால்ட்ரெக்சோன் 50 மி.கி., நாளுக்கு ஒன்று. அகாம்ப்ரோசேட் 333 மி.கி., நாளுக்கு ஆறு. இரண்டையும் 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அகாம்ப்ரோசேட் 12 பேருக்குக் கொடுத்தால், கூடுதலாக ஒருவர் குடிக்குத் திரும்பாமல் நிற்கிறார். சொற்பம்தான், ஆனால் அந்த ஒருவரின் வீட்டில் ஆண்டுக்கு 54,750 ரூபாய் மிஞ்சும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்தின் நோட்டில் குடிநோய்க்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. நெடுங்காலமாகத் தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரலாம், உயிரே போகக்கூடும். கை நடுங்க ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.