இளந்திறனை உயர்த்தும் காலம்

கிரிக்கெட்டையே கண்டு பழகிய நம் இல்லங்களில் அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் அத்துணை அறிமுகமானதன்று. ஆயினும் அவ்வாட்டத்தில் ஆண்டுதோறும் எழும் ஒரு வினா, பிள்ளைகளை வளர்ப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. திறமை மிக்க ஓர் இளைஞனை மேல்நிலைக்கு உயர்த்த வேண்டிய காலம் எது என்பதே அவ்வினா.

‘மேஜர் லீக்’ எனப்படும் தலையாய போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணியின் கீழும் ‘மைனர் லீக்’ அணிகள் படிப்படியாக அமைந்துள்ளன. இளைஞர் அங்கே தேறியே மேலேறுவர். அவ்வாறு தேறியவனையும் முதல் நாளிலேயே வெற்றி வரவேற்கும் என்பதில்லை.

1951-இல் வில்லி மேஸ் என்னும் இருபது வயது இளைஞர் மினியாபொலிஸ் அணியில் 35 ஆட்டங்களில் பந்தடிச் சராசரி .477 பெற்றார். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை அழைத்துக்கொண்டது. முதல் 12 முயற்சிகளில் ஒன்றேனும் பலிக்கவில்லை. பயிற்சியாளர் லியோ டுரோச்சர் அவரைக் கைவிடவில்லை. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது மேஸுக்கே கிடைத்தது. அதே ஆண்டில் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில் இடையில் கீழ்நிலைக்கு அனுப்பப்பட்டு, மீண்டு வந்து பெரும்புகழ் எய்தினார். 2024-இல் பால்டிமோர் அணியின் ஜாக்சன் ஹாலிடே 34 முயற்சிகளில் இரண்டே வெற்றி கண்டு கீழே திரும்பினார். ஜூலை இறுதியில் மீண்டும் வந்து திறம் காட்டினார். ஆகவே, பொறுத்து நிறுத்துவதும் திருப்பியனுப்பித் திருத்துவதும் ஆளையறிந்து செய்ய வேண்டியவை.

இவ்வளவே ஆயின் இது ஆசிரியர் மாணவர் பிரச்சினையாக நின்றுவிடும். பணம் புகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஓர் ஆட்டக்காரர் தலையாய அணியில் 172 நாட்கள் இருந்தால் ஓராண்டுப் பணியாகக் கணக்கிடப்படும். அத்தகைய ஆறு ஆண்டுகள் நிறைந்தபின்னரே அவர் தாம் விரும்பிய அணியுடன் ஒப்பந்தம் செய்யலாம். எனவே முதலாண்டில் சில நாட்கள் தாமதித்து அழைத்தால், அணிக்கு அவர் உழைப்பு மேலும் ஓராண்டு கிடைக்கும்.

சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் 2014-இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்தவர். எனினும் 2015-இல் ஆட்டங்கள் தொடங்கிய பின்னர், ஏப்ரல் 17 அன்றுதான் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு அவர் கணக்கில் சேர்ந்தவை 171 நாட்கள். ஒரே ஒரு நாள் குறைவு! தடுப்பாட்டத்தில் இன்னும் தேர்ச்சி வேண்டும் என்று அணி காரணம் கூறியது. அவர் தொடுத்த முறையீடு 2020-இல் தள்ளுபடியாயிற்று.

இக்குறையை நீக்க 2022-ஆம் ஆண்டு ஒப்பந்தம் முயன்றது. சிறந்த புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் முதலிரு இடம் பெறுவோருக்கு, தாமதமாக அழைக்கப்பட்டாலும் முழு ஆண்டுப் பணி வழங்கப்பட்டது. 2024-இல் மே மாதம் அழைக்கப்பட்ட பிட்ஸ்பர்க் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் இவ்வாறே பயன்பெற்றார். தகுதியுள்ள புதுமுகத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டு, அவர் விருது பெறின், அணிக்கும் புதிய வீரரைத் தேர்ந்தெடுக்க ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. 2022-இல் ஜூலியோ ரோட்ரிகஸை அவ்வாறு ஆடவிட்ட சியாட்டில் அணி அவ்வாய்ப்பைப் பெற்றது.

எமது கருத்தில், நோக்க வேண்டியவை மூன்று. தன் குறையறிந்து எதிர்ப்பவரையும் அவன் சமாளிக்கிறானா? மேலே நாள்தோறும் ஆட இடமுண்டா? தொடக்கத் தோல்வியில் துணைநிற்பார் உளரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைப்பின் அன்றே உயர்த்துவது முறை. மேலே சென்று வெறுமனே அமர்ந்திருப்பதைவிடக் கீழே நாள்தோறும் ஆடுவது நன்று என்பதும் உண்மையே. ஆனால் தேறியவனை நாட்கணக்குக் காட்டி நிறுத்துவது பயிற்சியாகாது; அவன் உழைப்பின் ஊதியத்தைக் குறைப்பதேயாகும். விளையாட்டு வீரனின் இளமை சில ஆண்டுகளே. அதனைக் காத்திருப்பில் கழிக்கச் செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை.