எண்ணெயில் தண்ணீர்! பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது எப்படி?

அஞ்செட்டிக்கு அருகே ஒரு மலையோரக் கிராமம். கிணற்று மேட்டில் ஒரு சிறு கொட்டகை. அதற்குள்ளே ஐந்து குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் ஒன்று.

அந்த எஞ்சினை வாங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்கியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. எஞ்சின் மட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

மழைக்காலத்தில் ஓடை பெருகியது. கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்தது. எஞ்சின் பாதி மூழ்கியது. இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. அவரைச் செடி பூத்து நிற்கிறது. தண்ணீர் கட்டாவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

பெரியவர் எஞ்சினைச் சுற்றுவதற்காக ஹேண்டிலைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்ற இளம் மெக்கானிக் ஓடி வந்து தடுத்தார்.

"பெரியப்பா, சுத்தாதீங்க! முதல்ல எண்ணெயைப் பார்க்கலாம்."

"போன மாசந்தானப்பா ஊத்தினேன். புது எண்ணெய்!"

மெக்கானிக் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். கம்பியில் ஒட்டியிருந்தது எண்ணெய் போலவே இல்லை. மோர் போல வெளுத்துக் கிடந்தது!

"அளவும் ஏறியிருக்குது பாருங்க. நீங்க ஊத்தினதுக்கு மேல இருக்குறது எல்லாம் தண்ணி!"

பெரியவர் ஹேண்டிலைக் கீழே வைத்தார்.

அவர் மட்டும் அன்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தண்ணீர் என்ன செய்யும்?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எண்ணெய். இரண்டு இரும்புக்கும் நடுவே அது மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. ஆனால், எஞ்சினின் முழுப் பளுவையும் அதுதான் தாங்குகிறது.

தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் அறுந்துவிடும். பேரிங் தேயும். இரும்பு துருப்பிடிக்கும். டீசல் எரிந்த கழிவோடு தண்ணீர் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் பேரிங்கை அரிக்கும். எண்ணெய் சேறாகிக் குழாயை அடைக்கும். கடைசியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

இன்னொரு அபாயமும் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினில், சிலிண்டருக்குள்ளேயும் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. வேகமாகச் சுற்றினால் பிஸ்டன் தண்ணீரில் மோதும். பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். அதோடு எஞ்சினின் கதை முடிந்தது!

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் 'ஃபெஞ்சல்' புயலின்போது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. இப்படிப்பட்ட நேரத்தில், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. வெள்ளம் செய்யாத கெடுதலை அந்தச் சாவி செய்துவிடும்.

வெள்ளமே வராமல் தண்ணீர் வருமா?

வரும். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்று வழிகளைக் கவனியுங்கள்.

முதல் வழி, குளிர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது! கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை. அந்த ஆவியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டனைத் தாண்டி உள்ளே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் வெளியேறும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் குளிரில், ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால்? சோற்றுப் பானை மூடியில் நீர் முத்துவது போல, உள்ளே முத்தி எண்ணெயில் சொட்டும்.

இரண்டாவது வழி, எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர். அது சிலிண்டரைச் சுற்றி ஓடுகிறது. அதை எண்ணெய்ப் பக்கம் வராமல் தடுப்பவை இரண்டு. ஒன்று, மேலே இருக்கும் ஹெட் கேஸ்கட். மற்றொன்று, சிலிண்டரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம். இரண்டும் வயதானால் கெட்டுப்போகும். ஹெட்டில் வெடிப்பு விழுந்தாலும் தண்ணீர் இறங்கும்.

மூன்றாவது வழி, எண்ணெய் டின். டின்னை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால், மேலே மழைத் தண்ணீர் தேங்கும. பகலில் டின்னுக்குள் காற்று விரியும். இரவில் சுருங்கும். சுருங்கும்போது, மூடியின் இடுக்கு வழியே தேங்கிய தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் புது எண்ணெய் என்று நினைத்து, தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுவீர்கள்!

கண்டுபிடிப்பது எப்படி?

எண்ணெய் பால் விட்ட காப்பி போலவோ, மோர் போலவோ வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எண்ணெய் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலும், ஜாக்கிரதை.

ஐயம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் பிடியுங்கள். ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் அடியில் தங்கும்.

மெக்கானிக்குகள் வேறொரு சோதனையும் செய்வார்கள். சூடான இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடவென்று வெடித்தால், தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சொட்டு தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், எஞ்சினை ஓட்டாதீர்கள். மூழ்கிய எஞ்சினாக இருந்தால் டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்ற வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி அடிக்கும்.

இரண்டாவது, அடியில் உள்ள நட்டைக் கழற்றி எண்ணெயை முழுவதும் வடியுங்கள். முதலில் தண்ணீர்தான் வரும். எண்ணெய் ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து, அடியில் தங்கிய சேற்றை நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

மூன்றாவது, டீசல் டாங்கியையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். வெள்ளம் அங்கேயும் புகுந்திருக்கும்.

நான்காவது, விலை குறைந்த புது எண்ணெய் ஊற்றி, பளு கொடுக்காமல் ஐந்து, பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, மறுபடியும் வடியுங்கள். எண்ணெய் வெளுப்பில்லாமல் வரும்வரை இப்படியே செய்யுங்கள். அதன் பிறகுதான் நல்ல எண்ணெய். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிக் கழுவுவார்கள். அது பேரிங்கைத் தாங்காது. அந்தக் காரியம் வேண்டாம்.

சிக்கனம் கருதி, கெட்ட எண்ணெயை அடுப்பில் காய்ச்சித் தண்ணீரைப் போக்க நினைப்பவர்களும் உண்டு. இது மிகவும் அபாயம்! தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். எண்ணெய் பால் போலப் பொங்கி அடுப்பில் விழும். தீப்பிடிக்கும். நாலு லிட்டர் எண்ணெய்க்காக வீட்டைப் பலி கொடுக்கலாமா?

மறுநாளும் வெளுத்தது!

பெரியவரின் எஞ்சினுக்கு இத்தனையும் செய்தார்கள். எஞ்சின் ஓடியது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. பெரியவர் முகத்தில் சிரிப்பு.

மறுநாள் காலையில் கம்பியை உருவினால், எண்ணெய் மறுபடியும் வெளுத்திருந்தது!

"வெள்ளந்தான் வடிஞ்சு போச்சே. இப்போ ஏதப்பா தண்ணி?"

மெக்கானிக் யோசித்தார். எண்ணெயை வடித்தார். பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்தார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். "காலையில பார்க்கலாம், பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. செய்தித்தாளில் ஈரம்! சிலிண்டரின் அடியில் இருந்த ரப்பர் வளையம் கசிந்திருந்தது. வெடித்து, உளுத்துப் போன வளையம். அது வெள்ளத்துக்கு முன்பே கெட்டிருக்க வேண்டும். பழியை மட்டும் வெள்ளம் சுமந்தது.

வளையம் சின்னப் பொருள். அதை மாற்றியதும் எண்ணெய் தெளிந்தது. அவரைப் பூவும் தப்பியது. எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீர் வந்த வழியை அடைக்க வேண்டும்.

வீட்டு வண்டிக்கும் இதுதான்

ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகளில், எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே எரிந்துவிடும். இப்போது ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் தனியாகத் தங்கி நிற்கிறது. ஆகையால், தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டி மூழ்கினால் இதே வைத்தியம்தான். வண்டியை வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். எண்ணெய் டின்னைக் கூரைக்கு அடியில் படுக்க வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வடித்த எண்ணெயை ஓடையில் ஊற்றாதீர்கள். ஒரு முறை மாற்றும் எண்ணெய், சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு கணக்குச் சொல்கிறது. நம் நாட்டிலும், 2016-ம் வருஷத்து விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவுதான். மூடி போட்ட டின்னில் பிடித்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். இந்த மலை ஓடைகள் எல்லாம் காவிரியை நோக்கித்தான் ஓடுகின்றன. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் கீழே இருக்கிறார்கள்.

பெரியவர் இப்போது தினமும் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன்னால் கம்பியை உருவிப் பார்க்கிறார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. எஞ்சின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த அரை நிமிஷத்தைச் செலவு செய்யலாமே!