துப்பாக்கி சொத்து, லைசென்ஸ் சொத்தல்ல

குடும்பத் தலைவர் கண்ணை மூடியதும் நிலக் கிராண்ட் எங்கே, சேமநிதியில் எவ்வளவு, பேங்குப் புத்தகம் யாரிடம் என்று தேடுகிறோம். சில வீடுகளில் இவற்றோடு இன்னொன்றும் இருக்கும். பூட்டிய அலமாரிக்குள் ஒரு வேட்டைத் துப்பாக்கி! காட்டுப் பன்றியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் பயிரைக் காப்பாற்ற, சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கியது அது.

அந்தத் துப்பாக்கி இனி யாருடையது? "மூத்த மகனுடையது" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். சொத்து என்ற முறையில் அது வாரிசுகளுக்கு வரலாம். ஆனால் லைசென்ஸ் இறந்தவர் பெயரில் இருந்தது. அது மனைவிக்கும் வராது, மகனுக்கும் வராது. குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அவசர காலத்தில், 1948 முதல் 1960 வரை, துப்பாக்கியால் இந்நாடு பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைய கண்டிப்பைக் கண்டு அவர்கள் வியப்படைய மாட்டார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸோ பெர்மிட்டோ இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஜொகூரில் அப்பா விட்டுச்சென்றதை ஞாபகார்த்தமாகக் காரில் வைத்துப் பாலம் தாண்டலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறப்பைப் பதியும்போதே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வழியில் சோதனை நடந்தால் லைசென்ஸ் இல்லாத கையில் அல்லவா அது இருக்கும்? வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். வந்து எடுத்துச் செல்லும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

அதுவரை அலமாரியைப் பூட்டி, சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். துக்கத்துக்கு வரும் கூட்டத்தில் பிள்ளைகளும் இருப்பார்கள். துப்பாக்கி வெளியே கிடந்தால் விசையைத் தொடாதீர்கள். குழல் எவர் பக்கமும் திரும்பவிடாதீர்கள். "தோட்டா இல்லை" என்று யார் சொன்னாலும், இருப்பதாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் திறந்து பார்க்கவே கூடாது. பழைய தோட்டாக்களை ஆற்றிலோ நெருப்பிலோ போடக்கூடாது, புதைக்கவும் கூடாது. அவற்றையும் போலீஸிடம் கணக்குக் காட்டுங்கள்.

ஒப்படைக்கும்போது எழுத்தில் ரசீது வாங்குங்கள். துப்பாக்கி எண், லைசென்ஸ் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். இறப்புச் சான்றிதழின் நகலோடு அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு மூன்று வழிகள்

சொத்தை நிர்வகிக்கக் கோர்ட்டு அதிகாரம் கொடுத்தாலும், அது துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் ஆகிவிடாது. ஆகவே, சொத்துப் பட்டியலில் துப்பாக்கியைச் சேர்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்று, வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவர் கையில். தக்க காரணம் வேண்டும். "அப்பாவின் ஞாபகம்" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு, போலீஸ் அனுமதியோடு, லைசென்ஸ் பெற்ற வியாபாரிக்கோ லைசென்ஸ் உள்ளவருக்கோ விற்கலாம். பணம் மற்றச் சொத்தோடு சேரும். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவருடைய பெற்றோரும் இல்லையென்றால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

மூன்று, யாருக்கும் வேண்டாமென்றால் போலீஸிடமே நிரந்தரமாக ஒப்படைத்துவிடலாம். பலருக்கும் நிம்மதி தருவது இதுதான்.

லைசென்ஸே இல்லாத பழந்துப்பாக்கி கூரை இடுக்கில் கிடைத்தால்? மறைக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். உடனே ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, அவர் துணையோடு போலீஸுக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக, இன்று லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களே! துப்பாக்கி எங்கே, சாவி எங்கே, லைசென்ஸ் புத்தகம் எங்கே என்று உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள். எதுவும் தெரியாத ஒரு விதவையைப் போலீஸ் நிலையத்தில் பதில் சொல்ல வைக்கலாமா?