உங்கள் மதிப்பெண் குறைந்தால் தவறு யார் மீது? வகுப்பறைக்குள் வந்த 'தொடர் மேம்பாட்டுச் சுழற்சி'

"போன வாரம் 8, இந்த வாரம் 6. ஏன் குறைஞ்சுது?"

வீட்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் இருக்க முடியாது. நீங்களும் ஏதாவது காரணம் சொல்லியிருப்பீர்கள். சரியாகத் தூங்கவில்லை, கேள்வி கஷ்டம், நேரம் போதவில்லை...

உண்மையில் காரணமே இல்லாமல்கூட அது குறைந்திருக்கலாம். நம்ப முடியவில்லையா?

தொழிற்சாலைகளில் பிறந்து, பிறகு பள்ளிகளுக்குள் நுழைந்த ஒரு யோசனை இதைத்தான் சொல்கிறது. அதன் பெயர் தொடர் மேம்பாட்டுச் சுழற்சி.

எங்கிருந்து வந்தது?

1920களில் அமெரிக்காவில் தொலைபேசிச் சாதனங்களின் தரத்தை ஆராய்ந்தவர் வால்டர் ஷூஹார்ட். அவருடைய சிந்தனையை வளர்த்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். 1950இல் டெமிங் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பாடம் எடுத்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஒரு விருதை ஜப்பான் தொடங்கிவிட்டது. அந்த அளவுக்கு மரியாதை!

ஜப்பானின் பாணி சிங்கப்பூருக்கும் வந்தது. 1981இல் அரசாங்கச் சேவையில் பணி மேம்பாட்டுக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1982இல் உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமாக 'டீமி' என்ற தேனீ அறிமுகமானது. அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் நினைவிருக்கும்.

சுழற்சி என்றால்?

நான்கு படிகள்: திட்டமிடு, செய், ஆராய், செயல்படு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் மூன்றாவது படியில்தான். பலரும் 'ஆராய்' என்பதைத் தாண்டி ஓடிவிடுவார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 30 மாணவர்கள் உள்ள ஒரு தமிழ் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை சொல்வதெழுதுதல். ஒவ்வொரு வாரமும் புதிய பத்தி, ஆனால் ஒரே நீளம். 'நான் பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதுபவர்கள் அங்கு நிறைய பேர். (சிரிக்காதீர்கள், நாமும் எழுதியவர்கள்தான்.)

ஆசிரியர் லகர, ளகர, ழகரப் பிழைகளை மட்டும் எண்ணுகிறார். யார் செய்த பிழை என்று பார்ப்பதில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரே எண். ஆறு வாரங்களில் கிடைத்தவை: 41, 47, 38, 44, 40, 46.

மூன்றாவது வாரம் 38. 'ஆகா, முன்னேற்றம்!' என்று பாராட்டலாமா? கூடாது. அடுத்த வாரமே 44 ஆகிவிட்டது. இது வெறும் ஏற்ற இறக்கம். எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நடு அளவு 42க்கும் 43க்கும் இடையில் நிற்கிறது. இந்த வகுப்பின் இயல்பு அதுதான்.

இப்போது திட்டம். பாடம் தொடங்கும்போது ஐந்து நிமிடம், இருவர் இருவராக ஒலித்துப் படிப்பது. ஒருவர் 'மலை' அல்லது 'மழை' என்று சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டு எழுத வேண்டும். இதனால் பிழை 35 அளவுக்குக் குறையும் என்று வகுப்பே ஊகித்துப் பலகையில் எழுதி வைக்கிறது. இந்த ஊகம் முக்கியம். முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், என்ன நடந்தாலும் 'நான் அப்பவே நெனச்சேன்' என்று சொல்லிவிடுவோம்.

முதல் வாரம்: 43. போச்சு! பெரும்பாலோர் இங்கேயே கைவிட்டுவிடுவார்கள். ஆனால் வகுப்பு தொடர்கிறது. 39, 36, 37, 33, 35, 31.

தொடர்ந்து ஆறு வாரங்கள் பழைய நடு அளவுக்குக் கீழே. ஒரே பக்கத்தில் ஆறு புள்ளிகள் வரிசையாக விழுந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவமனைகளில் தர மேம்பாட்டுக் குழுக்களும் இதே விதியைப் பயன்படுத்துகின்றன. இப்போது நம்பலாம்: ஏதோ மாறியிருக்கிறது. பயிற்சியை வைத்துக்கொண்டு அடுத்த சிக்கலுக்குப் போகலாம்.

சிவப்பு மணிகள் சொல்லும் கதை

டெமிங் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு வைப்பார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். ஆறு பேர் 'ஊழியர்கள்'. 50 குழிகள் உள்ள ஒரு மட்டையைப் பெட்டிக்குள் விட்டு ஆளுக்கு 50 மணிகளை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் குறைபாடு.

ஒருவருக்கு 6 சிவப்பு வரும். 'சிறந்த ஊழியர்' என்று கைதட்டல். இன்னொருவருக்கு 14 வரும். கண்டிப்பு, எச்சரிக்கை. அடுத்த சுற்றில் அவர்களின் எண்கள் தலைகீழாக மாறலாம்.

ஊழியர்கள் என்ன செய்ய முடியும்? ஒன்றுமில்லை! பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு, சராசரியாக 10 வரத்தான் செய்யும். குறைக்க வேண்டுமானால் பெட்டியை மாற்ற வேண்டும். பெட்டி முதலாளியின் கையில்.

வகுப்பறையில் அந்தப் பெட்டி எது? பாடம் நடத்தும் முறை, கால அட்டவணை, பயிற்சித் தாள்கள். உங்கள் முயற்சிக்கு இடமே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் 8 ஆறாவதற்கும் 6 எட்டாவதற்கும் ஒவ்வொரு முறையும் திட்டும் பாராட்டும் தேவையில்லை. ஒருவரை இன்னொருவரோடு தரவரிசைப்படுத்துவதையும் டெமிங் கடைசிவரை எதிர்த்தார்.

மனப்பாடத்துக்கு ஆப்பு

டெமிங்கின் வழியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஜென்கின்ஸ். அவர் முறையில் ஆண்டின் முதல் நாளே மொத்தப் பட்டியலும் உங்கள் கையில் இருக்கும். 100 சொற்கள் என்றால் 100ம். ஒவ்வொரு வாரமும் குலுக்கலில் 10 சொற்களுக்குத் தேர்வு. 100இன் வர்க்கமூலம் 10, அதுதான் கணக்கு.

இன்னும் சொல்லித் தராத சொல்லும் வரும், முதல் மாதம் படித்ததும் திரும்ப வரும். அதனால் முதல் வாரங்களில் எல்லாருக்கும் மதிப்பெண் குறைவுதான், யாரும் வருத்தப்படுவதில்லை. வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு வியாழக்கிழமை இரவு படித்துவிட்டு, சனிக்கிழமை மறப்பது இங்கே பலிக்காது.

சுவரில் தொங்குவது வகுப்பின் மொத்த மதிப்பெண் மட்டும்தான். கடைசி வரிசையில் இருப்பவர் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சரியாக எழுதினாலும் அந்தக் கோடு ஏறும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

தரவு சாட்டையானால்?

ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் தேர்வு முடிவுகளை வைத்தே ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் எடைபோடப்பட்டார்கள். இலக்கை எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து. எண்கள் அழகாக உயர்ந்தன. 2011இல் வெளியான விசாரணை அறிக்கை காரணத்தைச் சொன்னது: 44 பள்ளிகளில் ஏமாற்று வேலை, 178 பேருக்குத் தொடர்பு. மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருக்கிறார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

பாதிக்கப்பட்டது யார்? தேர்ச்சி பெற்றதாகச் சொல்லப்பட்ட மாணவர்கள். உதவி தேவைப்பட்டது, ஆனால் தாளில் தேவை தெரியவில்லை. எண் பொய் சொன்னால் 'ஆராய்' என்ற படியே செத்துவிடுகிறது.

இங்கே எப்படி?

சிங்கப்பூரில் 2019 முதல் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பிலும் நிலையிலும் மாணவர் எத்தனையாவது இடம் என்பது அச்சிடப்படுவதில்லை. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்குத் தேர்வுகளும் இல்லை. அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாக நீக்கப்பட்டு, 2023இல் எல்லா நிலைகளிலும் இல்லாமல் போயின. பெரிய தேர்வுகள் குறைந்தால், வாரா வாரம் கிடைக்கும் சின்னத் தகவல்களை ஆசிரியர் கவனிக்க நேரம் கிடைக்கும். அந்த நேரம் துணைப்பாட வகுப்புக்குப் போய்விடுகிறதா என்பது வேறு கேள்வி!

நீங்களே முயலலாமா?

தாராளமாக. ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். 'தமிழில் நல்லா பண்ணணும்' என்பது சிக்கல் அல்ல, ஆசை. 'கட்டுரையில் ஒருமை பன்மைப் பிழை' என்பது எண்ணக்கூடியது. ஆறு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிக் குறியுங்கள். இது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைத் தவிர்த்தால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கோடு அசையவில்லையா? அந்த மாற்றம் பலிக்கவில்லை, அவ்வளவுதான். தாளைக் கிழிக்காதீர்கள். வேறொன்றை முயலும்போது அந்தப் பழைய புள்ளிகள் தேவைப்படும்.