நெறி கட்டுவது ஏன்?

இரத்தத் தந்துகிகளின் மெல்லிய சுவர் வழியே நீர் ஓயாமல் திசுக்களுக்குள் கசிகிறது. அங்கு மிஞ்சும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். அதைத் திரட்டி இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர் மண்டலம். இதயம்போல் இதற்குத் தனி பம்பு கிடையாது. நாளச் சுவர் தானே சுருங்கும்; நடக்கும்போது கெண்டைக்கால் தசையும் பிழிந்து மேலேற்றும். உள்ளிருக்கும் வால்வுகள் பின்வாங்க விடுவதில்லை.

வழியெங்கும் அவரை விதை வடிவில் நிணநீர்க் கணுக்கள், ஏறத்தாழ 600. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தக் கணுதான். கிருமியை எதிர்க்க அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால் வீங்கி, தொட்டாலே வலிக்கிறது. வலியின்றிக் கெட்டியாகி, வாரக்கணக்கில் கரையாத கட்டியை மட்டும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

குடலில் உறிஞ்சப்படும் கொழுப்பும் இவ்வழியேதான் செல்கிறது. எண்ணெய்ப் பண்டம் உண்டபின் அங்குள்ள நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும். உடலின் பெரும்பகுதி நிணநீர் மார்பு நாளத்தில் சேர்ந்து, இடது கழுத்தடியில் சிரைக்குள் இறங்குகிறது.

கொசு பரப்பும் ஃபைலேரியா புழுக்கள் இந்த நாளங்களில் பல ஆண்டுகள் தங்கிச் சிதைக்கும்போது, வடிய வழியற்ற நீர் காலிலேயே தேங்குகிறது. அதுவே யானைக்கால் நோய்.