பலசாலி ஏன் தோற்றார்?

"நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். அப்படியென்றால் உந்தம் அதிகம் உள்ளவன்தானே சார் ஜெயிக்க வேண்டும்?"

வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. மாலை வேளைகளில் குத்துச் சண்டை பயில்பவர் அவர். மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் விடை சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். வாசகர்களுக்கும் பயன்படலாம்.

யாரும் எதிர்பாராத தோல்விகள் குத்துச் சண்டையில் பல உண்டு. அவற்றுள் இரண்டை எடுத்துக் கொள்வோம்.

முதலாவது 1974 அக்டோபர் 30 அன்று நடந்தது. இடம், அப்போது ஜயர் என்ற பெயரில் இருந்த காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசா. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டம் வைத்தார்கள். உலக சாம்பியன் ஜார்ஜ் போர்மனுக்கு வயது 25. அதுவரை ஆடிய 40 ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் 37 எதிராளியை வீழ்த்திப் பெற்றவை. எதிரே நின்ற முகமது அலிக்கோ வயது 32. அலியை முன்பு தோற்கடித்திருந்த ஜோ பிரேசியர், கென் நார்ட்டன் இருவரையும் போர்மன் இரண்டே சுற்றுகளில் முடித்திருந்தார். அலி உயிரோடு திரும்புவாரா என்றுகூடச் சிலர் கவலைப்பட்டார்கள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. போர்மன் ஏறக்குறைய 100 கிலோ, அலி 98.

இரண்டாம் சுற்றிலிருந்து அலி விசித்திரமான காரியம் ஒன்றைச் செய்தார். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் முதுகைச் சாய்த்து, இரு முன்கைகளாலும் முகத்தை மறைத்துக் கொண்டு, "அடி" என்பதுபோல் நின்றுவிட்டார். கயிற்றை விட்டு வெளியே வா என்று அவருடைய பயிற்சியாளரே கத்தினார். அலி கேட்கவில்லை.

பைத்தியக்காரத்தனமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1985 இல் பிரிட்டனின் முன்னணி வீரர் பிராங்க் புரூனோவின் குத்தைக் கருவிகளால் அளந்தார்கள். முட்டியின் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர். இலக்கில் விழுந்த உச்ச விசை ஏறத்தாழ 4,100 நியூட்டன். அந்த உச்சத்தை எட்ட ஆன நேரம் வினாடியில் ஆயிரத்தில் 14 பங்குதான்!

நம் கணக்கு எளிதாக இருக்க, குத்தில் பங்குபெறும் கையின் நிறை 3 கிலோ, வேகம் வினாடிக்கு 9 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். உந்தம் 27 அலகு. இதை நிறுத்தத்தான் வேண்டும். அதில் சலுகை இல்லை. ஆனால் எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நூற்றில் ஒரு வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 2,700 நியூட்டன். நூற்றில் மூன்று வினாடியானால் வெறும் 900. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக் கொள்வது இதற்காகத்தான். அலி தலையைப் பின்னால் சாய்த்தார். தளர்ந்திருந்த கயிறும் அவரோடு சேர்ந்து பின்னால் போனது. வாங்கிய உந்தம் கயிற்றின் வழியே கம்பத்துக்கும், கம்பத்தின் வழியே மேடைக்கும், கடைசியில் பூமிக்கும் போய்ச் சேர்ந்தது. பூமிக்கு வலிக்கவா போகிறது?

இனி போர்மன் பக்கம் வருவோம். மேலே சொன்ன குத்தின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 120 ஜூல். 12 கிலோ எடையுள்ள தண்ணீர் வாளியை ஒரு மீட்டர் தூக்குவதற்குச் சமம். இது என்ன பிரமாதம் என்று தோன்றும். சுற்றுக்கு 50 குத்து, ஏழு சுற்று என்று கணக்கிடுங்கள். 350 குத்து. பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 35 வாளி இறைத்தாகிவிட்டது! அதுவும் சுற்றுக்கு மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு என்ற கெடுவுக்குள். இது முட்டிக்குப் போன ஆற்றல் மட்டுமே. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பம். கின்ஷாசாவின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை சுலபத்தில் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வையால் உடல் குளிராது என்பதைக் கடற்கரை ஊரில் சித்திரை மாதத்தைக் கழித்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறி தவறிய குத்து இன்னும் மோசம். பட்ட குத்தை எதிராளியின் உடல் நிறுத்துகிறது. படாத குத்தைக் குத்தியவரே தம் தசையால் இழுத்து நிறுத்த வேண்டும். ஆற்றலுக்கு இரட்டைச் செலவு!

எட்டாம் சுற்றின் முடிவில் போர்மனின் கைகள் கனத்துத் தொங்கின. அலி கயிற்றிலிருந்து திரும்பி அடுக்கடுக்காகக் குத்தினார். இடது கைக் குத்து ஒன்று போர்மனின் தலையை நிமிர்த்தியது. வலது கைக் குத்து அவரை வீழ்த்தியது. ஆட்டம் முடிந்து சற்று நேரத்தில் பெருமழை கொட்டியது.

சரி, ஒரே குத்தில் 100 கிலோ மனிதர் சாய்வது எப்படி? இதற்கு விடை தேடியவர் ஓர் இயற்பியலார். ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஹோல்பர்ன், மண்டைக்குள் மூளை இருப்பதுபோல் ஜெலட்டின் மாதிரிகளை அமைத்து ஆராய்ந்து, 1943 இல் முடிவுகளை வெளியிட்டார். மூளை கூழ் போன்றது. அதை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆனால் வடிவத்தை எளிதில் குலைத்துவிடலாம். ஆகவே தலை நேராகப் பின்னுக்குத் தள்ளப்படுவதைவிட, சடக்கென்று சுழற்றப்படுவதே அதிகத் தீங்கு செய்கிறது என்றார் அவர்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். வட்டமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். நீர் அசையாமல் நின்றதும் பாத்திரத்தைச் சட்டென்று கால் சுற்று திருப்புங்கள். பாத்திரம் திரும்பும், மிளகு இருந்த இடத்திலேயே நிற்கும். நிலைமம்! தண்ணீருக்கு நட்டமில்லை. மூளையையோ நரம்பிழைகளும் இரத்தக் குழாய்களும் பிணைத்திருக்கின்றன. மண்டையோடு திரும்பி, மூளை பின்தங்கும்போது அவை இழுபடுகின்றன. நினைவு தப்புகிறது.

தாடையில் குத்த வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதனால்தான். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், அசையாது. ஓரத்தில் தள்ளினால் குழந்தையும் திறக்கும். தலைக்குக் கீல் கழுத்தின் மேல்முனை. அதிலிருந்து தள்ளி முன்னால் நீட்டிக் கொண்டிருப்பது தாடை.

இரண்டாவது ஆட்டம் இதற்கு நல்ல சான்று. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் 37 ஆட்டங்களிலும் தோல்வி காணாதவர். அவற்றில் 33 இல் எதிராளியை வீழ்த்தியவர். பஸ்டர் டக்ளஸ் மீது பந்தயம் கட்டவே ஆளில்லை. லாஸ் வேகாசில் ஒரே ஒரு சூதாட்ட விடுதி மட்டும் 42க்கு ஒன்று என்று விகிதம் போட்டது. டக்ளசின் தாயார் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் அளவுநாடா வேறு கதை சொன்னது. கைகளை விரித்தால் டக்ளசுக்கு 211 சென்டிமீட்டர், டைசனுக்கு 180. அந்த வித்தியாசத்தைக் கடக்க டைசன் தம் 100 கிலோ உடம்பையே முன்னால் நகர்த்த வேண்டும். டக்ளசுக்குக் கையை நீட்டினால் போதும். எது சீக்கிரம் நடக்கும்? மேலும், முன்னேறி வருபவர் முகத்தில் விழும் குத்துக்கு இருவர் வேகமும் சேர்ந்துகொள்கிறது; எதிரெதிரே வரும் ரயில்களைப் போல.

டைசனின் இடது கண் வீங்கி மூடியது. வீக்கத்தை அமுக்கக் குளிர வைத்த உலோகத் துண்டு ஒன்றை வைத்திருப்பது வழக்கம். டைசனின் ஆட்களிடம் அது இல்லை. ரப்பர் உறையில் குளிர்ந்த நீரை நிரப்பி ஒற்றினார்கள். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ரப்பர் கடத்தாது. எட்டாம் வகுப்புப் பாடம்! உலக சாம்பியனின் உதவியாளர்கள் அதைக் கோட்டைவிட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

எட்டாம் சுற்றில் டக்ளஸ் விழுந்து, ஒன்பது எண்ணியபோது எழுந்தார். பத்தாம் சுற்றில் அவர் கீழிருந்து மேலாகத் தாடையில் கொடுத்த குத்து டைசனின் தலையைப் பின்னுக்கு மடக்கியது. கதவு ஓரத்தில் விழுந்த அடி! தொடர்ந்து நான்கு குத்து. கீழே விழுந்த டைசன், எழுவதை விட்டுவிட்டு, தெறித்து விழுந்த பல்லுறையைத் தடவித் தேடி வாயில் கோணலாகக் கவ்விக் கொண்டார்.

இனி அலியின் கணக்கின் மறுபக்கம். கயிறு ஒரு குத்தின் உச்ச விசையைக் குறைக்கும். நூற்றுக்கணக்கான குத்துகளை இல்லாமல் ஆக்காது. 1984 இல் அலிக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். 2016 இல் இறக்கும்வரை கை நடுக்கமும் தடுமாறும் பேச்சுமாக வாழ்ந்தார். குத்துகளே காரணம் என்று ஒரு தனி மனிதரைக் காட்டி நிறுவ முடியாது. ஆனால் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களின் மூளையில் நிலையான சேதம் ஏற்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோற்ற போர்மன் 45 வயதில், 1994 இல், மீண்டும் உலகப் பட்டம் வென்றார். 2025 வரை வாழ்ந்தார்.

கேள்வி கேட்ட மாணவரிடம் இதையெல்லாம் பிறகு சொன்னேன். "எனக்குக் கவலையில்லை சார், நான் மெத்தை வைத்த தலைக்காப்புப் போட்டுத்தான் பழகுகிறேன்" என்றார். மெத்தை மோதல் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும்; தோல் கிழியாமல் காக்கும். மற்றதற்கு ஒரு சோதனை சொல்லி அனுப்பினேன். நீங்களும் செய்து பாருங்கள். அதே பாத்திரத்தைக் கனமான துணியால் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். மிளகுத்தூள் அடங்கியதும் மறுபடி சட்டென்று திருப்புங்கள். துணி சுற்றியதால் மிளகு கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள்.